'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடக ஆடிஷனுக்கு ரெடி ஆகறது எப்படி: நோட்டீஸ்ல இருந்து காஸ்ட் லிஸ்ட் வரைக்கும்

ஆர்தர் மில்லர் எழுதுன 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949 பிப்ரவரி 10ம் தேதி நியூயார்க்கோட பெரிய நாடக வட்டாரமான பிராட்வேல, மொரோஸ்கோ தியேட்டர்ல முதல் தடவை மேடை ஏறுச்சு, அந்த ஒரு ப்ரொடக்ஷனே 742 ஷோ ஓடுச்சு, அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் பிராட்வேல ஆரம்பிச்சு கம்யூனிட்டி தியேட்டர், காலேஜ்னு யாராவது போட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அமெரிக்கால இருந்துக்கிட்டு இங்கிலீஷ் நாடகத்துல நடிக்கணும்னு ஆசை இருந்தா என்னைக்காவது ஒரு நாள் இந்த நாடகத்தோட ஆடிஷன் நோட்டீஸ் உங்க கண்ணுல படாம போகாது. பட்டா என்னென்ன செய்யணும்னு வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வரும். இந்த நாடகத்துக்கு ஆடிஷன் வர்றவங்கள்ல பாதிக்கு மேல வாசல்லயே சோகத்தை மூஞ்சில மாட்டிக்கிட்டு உள்ள வர்றாங்க. தோள் தொங்கும், குரல் கம்மும், மூணாவது வரில கண்ணு கலங்கும். ரீடரா அந்த ரூம்ல உக்காந்து எதிர் வசனம் படிச்சவன்ங்கற முறையில சொல்றேன், அஞ்சு பேரை இப்படி பாத்தா ஆறாவது ஆள் அழும்போது டைரக்டர் வாட்சைத்தான் பாப்பார். ஆனா ஸ்கிரிப்டை எடுத்து பாருங்க, ஒவ்வொரு சீன்லயும் யாரோ யார்கிட்டயோ எதையோ வித்துக்கிட்டு இருக்காங்க. கதாநாயகன் வில்லி லோமன்ங்கற சேல்ஸ்மேன் முதலாளிகிட்ட தன்னையே விக்கறான், பசங்ககிட்ட ஒரு கனவை விக்கறான், அவனோட ரெண்டாவது பையன் ஹேப்பி ரெஸ்டாரண்ட்ல பொண்ணுங்ககிட்ட தன்னை பெரிய ஆளா விக்கறான், வில்லி பொண்டாட்டி லிண்டா பசங்ககிட்ட அவங்க அப்பாவை விக்கறா. ரூம்ல இருக்கறவங்க தேடறது இந்த விக்கற ஆளைத்தான். அழுகையெல்லாம் ஆடியன்ஸ் பாத்துக்குவாங்க.

நோட்டீஸை ரெண்டு தடவை படிங்க

ஆடிஷன் நோட்டீஸ்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் இருக்கு. 'கோல்ட் ரீடிங் ஃப்ரம் த ஸ்கிரிப்ட்'னு போட்டிருந்தா மோனோலாக், அதாவது ஒரே ஆள் பேசற நீள வசனம், மனப்பாடம் பண்ண வேண்டாம், அங்க போனதும் பக்கத்தை கையில குடுத்து படிக்க சொல்லுவாங்க. 'ப்ரிப்பேர்டு மோனோலாக்'னு இருந்தா நேரம் எவ்வளவுன்னு பாருங்க, ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான், ஸ்டேஜ் மேனேஜர் கையில டைமர் இருக்கும், பாதில நிறுத்த சொல்ல கொஞ்சமும் தயங்க மாட்டாங்க. 'சைட்ஸ்' அனுப்பறோம்னு சொன்னா அது அவங்க தேர்ந்தெடுத்த ரெண்டு மூணு பக்க சீன், அதை மட்டும் நல்லா தயார் பண்ணா போதும்.

அடுத்து ஈக்விட்டியா இல்லையான்னு பாக்கணும். ஆக்டர்ஸ் ஈக்விட்டி அசோசியேஷன்ங்கறது 1913ல ஆரம்பிச்ச மேடை நடிகர்கள், ஸ்டேஜ் மேனேஜர்களோட யூனியன். ஈக்விட்டி ஆடிஷன்னு இருந்தா மெம்பர்களுக்குத்தான் முதல் உரிமை, மத்தவங்க போகலாம், ஆனா நேரம் மிச்சம் இருந்தாத்தான் கூப்பிடுவாங்க, நாள் முழுக்க உக்காந்துட்டு திரும்பி வர வேண்டியும் இருக்கும். கம்யூனிட்டி தியேட்டர்னா இந்த தொல்லை கிடையாது, பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. புதுசா ஆரம்பிக்கறவங்க இங்கதான் ஆரம்பிக்கணும்ங்கறது என் கருத்து.

ரிஹர்சல் தேதிகள் போட்டிருப்பாங்க, அதை உங்க காலண்டரோட வெச்சு அன்னைக்கே சரிபாருங்க. ஆடிஷன் ஃபார்ம்ல 'கான்ஃப்ளிக்ட்ஸ்'னு ஒரு கட்டம் இருக்கும், வர முடியாத நாளையெல்லாம் அதுல ஒளிக்காம எழுதணும். டெக் வீக்ல, அதாவது ஷோவுக்கு முந்தின வாரம் லைட் சவுண்ட் எல்லாம் சேத்து பாக்கற அந்த வாரத்துல, ஊருக்கு டிக்கெட் போட்டு வெச்சிருந்தா ஆடிஷனுக்கே போகாதீங்க, உங்களுக்கும் நேரம் மிச்சம் அவங்களுக்கும் மிச்சம்.

ஸ்கிரிப்ட் முழுசா, படம் பாக்காம

சைட்ஸ் மட்டும் படிச்சுட்டு போறவங்க நிறைய பேர். தப்பு. முழு நாடகத்தையும் ஒரே உக்காரல்ல ஒரு தடவை படிங்க, ரெண்டு ஆக்ட், கடைசில 'ரெக்வியம்'னு ஒரு சின்ன பகுதி, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். அப்புறம் உங்க ரோல் வர்ற சீன்களை மட்டும் இன்னொரு தடவை.

கடைல கிடைக்கற புத்தகமும், நாடக கம்பெனிங்க லைசன்ஸ் வாங்கற டிராமாட்டிஸ்ட்ஸ் ப்ளே சர்வீஸ் போடற ஆக்டிங் எடிஷனும் தனித்தனி புத்தகம், அதனால எந்த எடிஷன்ல இருந்து படிக்க சொல்லுவாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கறது நல்லது. வார்த்தைகள் ப்ரொடக்ஷனுக்கு ப்ரொடக்ஷன் மாறவும் செய்யும். ஒரு உதாரணம் ரொம்ப பிரபலம்: தன்னை பாத்து இன்னொரு சேல்ஸ்மேன் கிண்டல் பண்ணதா வில்லி சொல்ற இடம். மில்லர் மனசுல வில்லி ஒரு குட்டை ஆள், அதனால அந்த கிண்டல் வார்த்தை முதல்ல 'ஷ்ரிம்ப்', இறால். ஆனா 1949ல ரோல் கிடைச்சது லீ ஜே. காப்ங்கற ஆஜானுபாகுவான நடிகருக்கு, உடனே வார்த்தையை 'வால்ரஸ்'னு மாத்திட்டாங்க. அப்புறம் 1984ல டஸ்டின் ஹாஃப்மன் நடிச்சப்போ இறால் திரும்பி வந்துடுச்சு. இதுல உங்களுக்கு என்ன இருக்குன்னா, உடம்பு வாகு பொருந்தலையேன்னு நீங்களா முடிவு பண்ணி ஒதுங்க வேண்டாம், எழுதுனவரே ஆளுக்கேத்த மாதிரி வசனத்தை மாத்திக் குடுத்திருக்கார்.

வயசும் அப்படித்தான். வில்லிக்கு நாடகத்துல 63. காப் நடிச்சப்போ அவருக்கு 37. 2012ல ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடிச்சப்போ 44. ஆனா கம்யூனிட்டி தியேட்டர்ல நிஜமாவே அறுபதை தொட்டவங்க அந்த ரோலுக்காக காத்துக்கிட்டு இருப்பாங்க, முப்பத்தஞ்சு வயசுக்காரர் வில்லிதான் வேணும்னு அடம் பிடிச்சா கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கும்.

பழைய படங்கள், டிவி பதிவுகள் நிறைய இருக்கு, ஆடிஷன் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. டஸ்டின் ஹாஃப்மனோட இழுவையும் இருமலும் உங்க தொண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கும், இறக்கறது கஷ்டம், அதை பத்து தடவை பாத்த டைரக்டருக்கு ரெண்டே வரில தெரிஞ்சுடும்.

எந்த ரோலுக்கு போறீங்க

மொத்தம் 13 பாத்திரம். வில்லி, லிண்டா, மூத்த பையன் பிஃப், ஹேப்பி இந்த நாலு பேரைத்தான் எல்லாரும் குறி வெப்பாங்க. ஆனா பக்கத்து வீட்டு சார்லி, அவர் பையன் பெர்னார்ட், முதலாளி ஹவர்ட், வில்லியோட அண்ணன் அங்கிள் பென் இவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பிரமாதமான சீன் இருக்கு, போட்டியும் குறைவு. பெர்னார்டை எடுத்துக்கோங்க, ஒரே நடிகர் முதல்ல கணக்கு பரிட்சையில பிஃப் பெயிலாயிடுவான்னு கத்திக்கிட்டு ஓடி வர்ற சின்ன பையனாவும், அப்புறம் சுப்ரீம் கோர்ட்ல வாதாட கிளம்பற வக்கீலாவும் வரணும். வக்கீல் பெர்னார்ட் வில்லிகிட்ட பாஸ்டன்ல என்ன நடந்துச்சுன்னு மெதுவா கேக்கற சீன் ஆடிஷனுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும், ஏன்னா அதுல கத்தறதுக்கு எதுவும் இல்ல, கேக்கறதுதான் வேலை.

ஃபார்ம்ல 'எந்த ரோல் வேணும்', 'வேற ரோல் குடுத்தா ஏத்துக்குவீங்களா'ன்னு ரெண்டு கேள்வி இருக்கும். ரெண்டாவதுக்கு வீட்டுலயே பதில் யோசிச்சு வெச்சுக்கிட்டு போங்க. அங்க நின்னுக்கிட்டு அவசரத்துல ஆமான்னு டிக் அடிச்சுட்டு, அப்புறம் வெயிட்டர் ஸ்டான்லி ரோல் வந்ததும் வேண்டாம்னு மெயில் போட்டா அந்த தியேட்டர்ல அடுத்த தடவை உங்க பேர் எப்படி ஞாபகம் இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

வில்லிக்கு போறவங்க: 65, 50, 40

வில்லிக்கு சைட்ஸ்னா ரெண்டாவது ஆக்ட்ல ஹவர்ட் ஆபீஸ் சீன் வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். இனிமே ரோட்ல ஊர் ஊரா அலைய முடியாது, நியூயார்க்லயே ஒரு வேலை குடுன்னு கேக்க வில்லி வர்றான். முதலாளி ஹவர்டுக்கு 36 வயசு, புதுசா வாங்குன வயர் ரிக்கார்டர்ல, அதாவது கம்பில குரலை பதியற அந்த கால மெஷின்ல, தன் பொண்ணு விசிலடிக்கறதையும் பையன் மாநில தலைநகரங்களை ஒப்பிக்கறதையும் போட்டு காட்டிக்கிட்டு இருக்கான், வில்லி வந்த விஷயத்தை சொல்லவே விட மாட்டேங்கறான். அந்த ரிக்கார்டர் ஓடற நேரம் பூரா வில்லிக்கு வசனம் குறைவு, ஆனா உங்களை எடை போடறது அங்கதான். கஸ்டமரோட குழந்தையை பாராட்டற சேல்ஸ்மேன் முகம் எப்படி இருக்கும்? அந்த முகம் வேணும். எரிச்சலை உள்ள வெச்சுக்கிட்டு மேல உண்மையாவே ரசிக்கற முகம். பையன் ஒப்பிக்கறதை கேட்டு வில்லி வாய்விட்டு பாராட்டறான், அதை நடிப்பா சொல்லாம மனசார சொல்ற நடிகர்தான் அடுத்த ரவுண்டு வருவார்.

அப்புறம் கேக்கறான். வாரத்துக்கு 65 டாலர் கிடைச்சா போதும்னு ஆரம்பிக்கறான். கொஞ்ச நேரத்துல 50 ஆகுது. அப்புறம் 40. இந்த மூணு நம்பர்தான் சீனோட முதுகெலும்பு, மூணையும் பென்சில்ல வட்டம் போடுங்க. நிறைய பேர் 65லயே கெஞ்ச ஆரம்பிச்சுடுவாங்க, அப்போ 40க்கு வரும்போது இறங்கறதுக்கு படியே இருக்காது. 65 சொல்லும்போது இவன் நிஜமாவே கிடைச்சுடும்னு நம்பறான், சிரிச்சுக்கிட்டு, பழைய தோஸ்த் மாதிரி பேசறான். 50க்கு வரும்போது பெரிய மனசு பண்ணி தானே விட்டுக்குடுக்கற மாதிரி பேசி பாருங்க. 40லதான் பயம் தெரியணும், அதுவும் குரல் உசந்துதான் தெரியணும்னு இல்ல.

நடுவுல டேவ் சிங்கிள்மன் கதை வரும், 84 வயசுலயும் ஹோட்டல் ரூம்ல பச்சை வெல்வெட் செருப்பை மாட்டிக்கிட்டு போன்லயே வியாபாரம் பண்ண கிழவர். ஆடிஷன்ல இதை எல்லாரும் ஒரு ஏக்கமான ஃப்ளாஷ்பேக் மாதிரி சன்னமான குரல்ல ஜன்னலை பாத்துக்கிட்டு சொல்லுவாங்க. வேண்டாங்க. இந்த கதையை வில்லி ஹவர்டுக்கு ஒரு காரணத்துக்காக சொல்றான், எனக்கு வேலை குடுக்கறதுல ஒரு நியாயம் இருக்குன்னு காட்டறதுக்கு. ஹவர்ட் கண்ணை பாத்து சொல்லுங்க, அவன் கவனிக்கலைன்னா கவனிக்க வைங்க.

இன்னொரு நுணுக்கம். வில்லி கம்பெனில 34 வருஷம் உழைச்சேன்னு ஹவர்ட்கிட்ட சொல்றான், லிண்டா பசங்ககிட்ட 36 வருஷம்ங்கறா. 1928ல வாரம் 170 டாலர் கமிஷன் அடிச்சேன்னு வில்லி சொன்னதும் ஹவர்ட் அதை மறுக்கறான். இந்த வீட்டுல நம்பர் எதுவும் நேரா நிக்காது. செவர்லே காரை உலகத்துலயே சிறந்த காருன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரத்துல அந்த காரை தயாரிக்கறதையே தடை பண்ணணும்ங்கறான், பிஃபை சோம்பேறிங்கறான், அடுத்த மூச்சுல பிஃப்கிட்ட சோம்பேறித்தனம்ங்கறதே கிடையாதுங்கறான். இதை மறதின்னோ மனநோய்ன்னோ நடிச்சா தட்டையா போயிடும். ரெண்டையும் சொல்ற அந்தந்த நொடில முழுசா நம்பி சொல்லுங்க, நடுவுல மாறுற இடத்தை நீங்க கவனிக்கவே கவனிக்காதீங்க.

லிண்டாவுக்கு போறவங்க

லிண்டாவை பத்தி மில்லர் ஸ்டேஜ் டைரக்ஷன்ல முதல்ல சொல்ற குணம் கலகலப்பானவங்கறதுதான். இதை படிக்காம எத்தனை பேர் முந்தானையில கண்ணை துடைக்கற அம்மா மாதிரியே வந்து நிக்கறாங்க தெரியுமா.

அவளுக்கு ரெண்டு சீன் முக்கியம். ஒண்ணு பழைய காலத்துல நடக்கற கணக்கு சீன். ப்ராவிடென்ஸ்ல 500, பாஸ்டன்ல 700 வித்தேன்னு வில்லி பீத்திக்கறான், இவ பென்சிலை எடுத்து கமிஷன் 212 டாலர்னு சந்தோஷமா கணக்கு போடறா, அவன் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி மொத்த ட்ரிப்புக்கே 200தான்னு ஒத்துக்கறான், கமிஷன் 70 டாலரும் சில்லறையுமா சுருங்குது. உடனே அவ அதுவே ரொம்ப நல்லதுதான்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜ் தவணை, வாஷிங் மெஷின் தவணைன்னு வரிசையா சொல்ல ஆரம்பிக்கறா. அந்த 212க்கும் 70க்கும் நடுவுல அவ முகத்துல என்ன நடக்குதுங்கறதுதான் ரோலே. புருஷன் பாக்கறதுக்குள்ள ஏமாத்தத்தை முழுங்கிட்டு பென்சிலை திரும்ப ஓட்டணும். மாச கடைசில கணக்கு நோட்டு போட்ட எந்த வீட்டம்மாவுக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்ல.

இன்னொண்ணு பசங்களை திட்டற பெரிய பேச்சு, இவரும் மனுஷன்தானே, கவனிக்க வேண்டாமான்னு கேக்கற அந்த பிரபலமான இடம். இதுக்கு ஒரிஜினல் ப்ரொடக்ஷன்லயே ஒரு மருந்து இருக்கு. லிண்டாவா நடிச்ச மில்ட்ரெட் டன்னக் இந்த பேச்சை ராகம் போட்டு இழுத்து பேச ஆரம்பிச்சாங்களாம். டைரக்டர் எலியா கஸான் என்ன பண்ணார்னா அதை டபுள் ஸ்பீடுல பேச வெச்சார், அப்புறம் அதுக்கும் டபுள், நாக்கு எவ்வளவு வேகமா ஓடுமோ அவ்வளவு வேகத்துல. அப்புறம் மெதுவா வேகத்தை குறைச்சு கொண்டு வந்தார், அழுமூஞ்சித்தனம் உதிர்ந்து போய் கோவமும் எதிர்ப்பும் நின்னுச்சுன்னு மில்லர் எழுதியிருக்கார். வீட்டுல இதை அப்படியே செஞ்சு பாருங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, முதல்ல நார்மலா, அப்புறம் மூச்சு வாங்கற வேகத்துல மூணு நாலு தடவை, அப்புறம் திரும்ப நார்மலா. முதல் ரெக்கார்டிங்கையும் கடைசி ரெக்கார்டிங்கையும் அடுத்தடுத்து கேட்டா எங்கெல்லாம் குழைஞ்சீங்கன்னு காதுலயே விழும். லிண்டாவுக்கு மட்டும் இல்ல, எந்த ரோலோட நீள வசனத்துக்கும் இது வேலை செய்யும்.

பிஃப், ஹேப்பி

பிஃபுக்கு 34 வயசு, பெரும்பாலும் கடைசி சண்டை சீனை படிக்க சொல்லுவாங்க, நாமெல்லாம் சாதாரண ஆளுங்கப்பான்னு அப்பாகிட்ட உடைஞ்சு சொல்ற இடம். அதுல கத்தறது சுலபம். ஆனா பிஃப் அங்க சண்டை போட வரலை, அப்பா கண்ணை திறக்க வெச்சு தன்னை விட்டுடச் சொல்லி கேக்க வந்திருக்கான். முதல் வரில இருந்தே உச்சஸ்தாயில ஆரம்பிச்சுட்டா அழுதுக்கிட்டே அப்பாவை கட்டிப்பிடிக்கற இடத்துக்கு உங்ககிட்ட ஒண்ணும் மிச்சம் இருக்காது. பழைய முதலாளி ஆலிவரோட பேனாவை திருடிட்டு 11 மாடி இறங்கி ஓடி வந்ததை சொல்ற பகுதியை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொல்லுங்க, வாய்ல வர வரத்தான் அவனுக்கே புரியுது.

ஹேப்பிக்கு வேலை வேற. ஜனங்களுக்கு அவனை பிடிக்கணும். யாருமே தன்னை பாக்காத வீட்டுல எடை குறைஞ்சிருக்கேன் பாருப்பான்னு காட்டி வளர்ந்த ரெண்டாவது பையன், பெரியவனானப்பறமும் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பான். அதை ஜாலியாவே விடுங்க.

எல்லா ரோலுக்கும் பொதுவா ஒண்ணு: மேடைல நிகழ்காலத்துல நடக்கும்போது பாத்திரங்க சுவர் இருக்கற மாதிரி பாவிச்சு கதவு வழியாத்தான் வரணும், பழைய காலத்துக்கு போகும்போது சுவரை தாண்டியே நடந்து வரலாம், இப்படித்தான் மில்லர் எழுதி வெச்சிருக்கார். உங்க சைட்ஸ் எந்த காலத்துலன்னு முதல்ல குறிச்சுக்கோங்க. பழைய காலத்து சீன்னா உடம்புல ஒரு பதினேழு வருஷம் கம்மியா இருக்கணும், அதுக்கு முதுகை நிமித்தி கொஞ்சம் வேகமா நடந்தாலே பாதி வந்துடும், குரலை மாத்தி விளையாட வேண்டாம்.

மோனோலாக் கேட்டா

இதே நாடகத்துல இருந்து எடுக்காதீங்க, அவங்களே கேட்டாலொழிய. டைரக்டர் மனசுல அந்த வசனத்துக்கு ஒரு ட்யூன் ஓடிக்கிட்டு இருக்கும், நீங்க வேற ட்யூன்ல பாடுனா அதையே யோசிச்சுக்கிட்டு இருப்பார். அதே மாதிரி யதார்த்தமான, குடும்பத்துக்குள்ள நடக்கற அமெரிக்க நாடகத்துல இருந்து எடுங்க. மில்லரோட 1947 நாடகம் 'ஆல் மை சன்ஸ்', ஆகஸ்ட் வில்சனோட 'ஃபென்சஸ்', க்ளிஃபர்ட் ஓடெட்ஸோட 'அவேக் அண்ட் சிங்!' இதெல்லாம் பக்கத்து வீடு மாதிரி. ஒன்றரை நிமிஷத்துக்கு வெட்டுங்க, ரெண்டு நிமிஷம் கேட்டிருந்தாலும். எதிர்ல இல்லாத ஆளை டேபிள்ல உக்காந்திருக்கறவங்க தலைக்கு மேல கொஞ்சம் தள்ளி சுவர்ல ஒரு இடத்துல வெச்சு பேசுங்க, நேரா அவங்க கண்ணை பாத்து பேசுனா அவங்களால நிம்மதியா குறிப்பு எழுதக்கூட முடியாது.

நம்ம இங்கிலீஷ்

நம்ம ஆளுங்க இதுக்குத்தான் அதிகமா பயப்படறாங்க. நோட்டீஸ்ல ப்ரூக்ளின் ஆக்சென்ட் வேணும்னு சொல்லியிருந்தா ஒழிய அதுக்கு முயற்சி பண்ணாதீங்க. அரைகுறை ஆக்சென்ட் மாதிரி ஆடிஷனை கெடுக்கறது வேற எதுவும் இல்ல. ஆனா தெளிவு வேணும். டபிள்யூவையும் வி-யையும் ஒரே மாதிரி சொல்ற பழக்கம் நமக்கு உண்டு, 'வில்லி'ங்கற பேரே டபிள்யூல ஆரம்பிக்குது, உதட்டை குவிச்சு சொல்லணும், லிண்டாவா நடிக்கறவங்க அந்த பேரை சீனுக்கு சீன் கூப்பிடணும். அப்புறம் வரியோட அழுத்தம், நாம எல்லா வார்த்தையையும் சமமா தட்டுவோம், அவங்க ஒரு வரில ஒண்ணு ரெண்டு வார்த்தையைத்தான் தூக்குவாங்க. சைட்ஸ்ல ஒவ்வொரு வரிலயும் தூக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டு பழகுங்க, பாதி பிரச்சினை தீந்துடும்.

வெள்ளைக்கார குடும்பத்து கதைல நமக்கு என்ன இடம்னு கேக்கறவங்களுக்கு: 1983ல மில்லரே பீஜிங் போய் சீன நடிகர்களை வெச்சு சீன மொழில இந்த நாடகத்தை டைரக்ட் பண்ணார், அமெரிக்கன் மாதிரி தெரிய விக் மேக்கப்னு எதுவும் வேண்டாம்னு அவர்தான் சொன்னார். 2022ல பிராட்வேல வெண்டல் பியர்ஸும் ஷரன் டி. கிளார்க்கும் லோமன் குடும்பத்தை கறுப்பின குடும்பமா நடிச்சாங்க. அதனால தயங்காம போங்க.

கையில என்ன, உடம்புல என்ன

ஹெட்ஷாட், அதாவது முகம் தெரியற ஃபோட்டோ, 8க்கு 10 இஞ்ச், ரெஸ்யூமேவை அதே அளவுக்கு வெட்டி பின்பக்கம் ஸ்டேப்பிள் பண்ணுங்க. கம்யூனிட்டி தியேட்டர்ல இதெல்லாம் இல்லாமயும் நடக்கும், போன்ல எடுத்த தெளிவான முகம் தெரியற ஃபோட்டோ போதும். ரெஸ்யூமேல ஊர்ல தமிழ் நாடகம் போட்டது, தமிழ்ச்சங்க மேடைல நடிச்சது எல்லாம் எழுதலாம், எழுதணும், பாத்திரம் பேரு, நாடகம் பேரு, எந்த குழு, இந்த மூணும் இருந்தா போதும். ஐடி கம்பெனி அனுபவம் அங்க வேண்டாம்.

டிரஸ் விஷயத்துல வேஷம் போட்டுக்கிட்டு போகாதீங்க, தொப்பி, சாம்பிள் பெட்டி எல்லாம் வீட்டுல இருக்கட்டும். வில்லிக்குன்னா ஒரு சாதா சட்டை, தோல் ஷூ, லிண்டாவுக்குன்னா ஒரு எளிமையான டிரஸ். ஷூவை மட்டும் கவனிங்க, ஸ்னீக்கர்ல நடந்தா உடம்பு இருபது வயசு நடை நடக்கும், தோல் ஷூ போட்டா தானா கனம் வந்துடும்.

செல்ஃப் டேப், அதாவது வீட்டுலயே நீங்களா எடுக்கற வீடியோ, அனுப்ப சொன்னா: போனை குறுக்குவாட்டுல வெச்சு, நெஞ்சுக்கு மேல தெரியற மாதிரி, பின்னாடி வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிர்ல. எதிர் வசனம் படிக்கறவரை கேமராவுக்கு ஒட்டி பக்கத்துல நிக்க வைங்க, அவர் குரல் உங்க குரலை அமுக்கக் கூடாது. ஃபைலுக்கு அவங்க சொன்ன மாதிரியே பேர் வைங்க.

அந்த ரூமுக்குள்ள

கால் மணி நேரம் முன்னாடி போங்க. உள்ள போனதும் பேர் சொல்லி, என்ன பண்ணப்போறோம்னு ஒரே வரில சொல்லிட்டு, ஒரு மூச்சு எடுத்துட்டு ஆரம்பிங்க. ட்ராஃபிக், ஜலதோஷம், நேத்துதான் சைட்ஸ் வந்துச்சு, இதெல்லாம் சொல்லவே சொல்லாதீங்க.

மனப்பாடம் ஆயிருந்தாலும் சைட்ஸ் கையில இருக்கட்டும், வரி மறந்தா குனிஞ்சு பாத்துட்டு எடுத்துக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வரியோட கடைசி மூணு வார்த்தையை சொல்லும்போது கண்ணு பேப்பர்ல இல்லாம எதிர்ல இருக்கற ஆள் மேல இருக்கணும். அப்புறம் அந்த ஆள் பேசும்போது உங்க அடுத்த வரியை தேடாதீங்க, அவரை கேளுங்க. ரீடர் உணர்ச்சியே இல்லாம படிச்சாலும் அதையே பிடிச்சுக்கோங்க, ஹவர்ட் சீன்ல அப்படி ஒரு மரக்கட்டை எதிர்ல இருந்தா அது வரப்பிரசாதம்தான். ரீடரை தொடறது, தோளை பிடிச்சு உலுக்கறது எல்லாம் கேக்காம செய்யக் கூடாது.

படிச்சு முடிச்சப்பறம் டைரக்டர் இதையே வேற மாதிரி பண்ணுங்கன்னு ஏதாவது சொன்னா அது நல்ல அறிகுறி. பிஃபை சிரிச்சுக்கிட்டே பண்ணுன்னு சொல்லுவார், அது நாடகத்துக்கு சரியா தப்பான்னு யோசிக்காதீங்க, விவாதம் வேண்டாம். தான் சொன்னதை வாங்கி நீங்க உடனே மாத்தறீங்களான்னுதான் பாக்கறார். கொஞ்சமா மாத்தாம நல்லாவே தெரியற அளவுக்கு மாத்துங்க.

கால்பேக்கும் அதுக்கப்பறமும்

கால்பேக்னா திரும்ப கூப்பிட்டு மத்தவங்களோட ஜோடி போட்டு படிக்க வெப்பாங்க, இந்த வில்லிக்கு அந்த பிஃப் மகன் மாதிரி தெரியறானான்னு பாப்பாங்க. முதல் தடவை என்ன டிரஸ் போட்டீங்களோ அதையே போட்டுக்கிட்டு போங்க, நீல சட்டைக்காரர்னுதான் அவங்க நோட்ல எழுதி வெச்சிருப்பாங்க. அங்க உங்க கையில இல்லாத விஷயம் நிறைய, உயரம், குரல், பக்கத்துல நிக்கறவர் முகஜாடை.

மில்ட்ரெட் டன்னக் கதை இங்கயும் வருது. லிண்டா வாழ்நாள் பூரா வீட்டு வேலை பாத்த கொஞ்சம் கரடுமுரடான பொம்பளையா இருக்கணும்னு மில்லர் நினைச்சார், டன்னக் ஒல்லி, படிச்சவங்க சாயல், அதனால ஒத்து வராதுன்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் வரிசைல திரும்ப வந்து நின்னாங்க, உடம்பு பூரா பஞ்சு வெச்சு கட்டிக்கிட்டு, முதல்ல யாருக்கும் அடையாளமே தெரியலையாம். சிரிச்சுட்டு மறுபடி படிக்க விட்டு மறுபடி அனுப்பிட்டாங்க. அப்புறமும் வந்துக்கிட்டே இருந்தாங்க, கடைசில ரோல் அவங்களுக்குத்தான். இன்னைக்கு இப்படி பஞ்சு கட்டிக்கிட்டு போனா செக்யூரிட்டியை கூப்பிடுவாங்க, ஆனா நோட்டீஸ்ல ரெண்டு நாள் ஆடிஷன்னு இருந்தா ரெண்டாவது நாளும் வந்து வேற ரோலுக்கு படிக்கலாமான்னு கேக்கறதுல தப்பே இல்ல, நிறைய கம்யூனிட்டி தியேட்டர்ல சரின்னுதான் சொல்லுவாங்க.

முடிஞ்சப்பறம் முடிவு எப்போ சொல்லுவாங்கன்னு ஸ்டேஜ் மேனேஜர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க, அந்த தேதி வரைக்கும் மெயில் போட்டு நச்சரிக்காதீங்க. ரோல் குடுத்து மெயில் வந்தா அன்னைக்கே பதில் போடுங்க, வேண்டாம்னாலும் அன்னைக்கே, ஏன்னா உங்களுக்கு அடுத்த இடத்துல இருக்கறவருக்கு அவங்க போன் பண்ண காத்துக்கிட்டு இருப்பாங்க. கிடைக்கலைன்னா ரெண்டு வரில நன்றி சொல்லிட்டு, லைட் போடவோ ப்ராப்ஸ் தூக்கவோ ஆள் வேணுமான்னு கேட்டு பாருங்க. பெரும்பாலும் வேணும்னுதான் பதில் வரும், ரிஹர்சல்ல உக்காந்து முழு நாடகமும் உருவாகறதை பாக்கலாம், அதே டைரக்டர் அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது உங்க பேரும் முகமும் அவருக்கு தெரிஞ்சிருக்கும்.